ஆப்டிட்யூட் பாதி சர்வரையே நீக்கச் சொல்கிறது: லிப்சி6 மோதலை எப்படித் தீர்ப்பது?

தேக்கா_டெர்மினல் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் மளிகைச் சரக்கு இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கு சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தது. டெபியன் 12 லினக்ஸ், அதாவது புக்வோர்ம். இருப்புக் கணக்கு, விலைப்பட்டியல், ஜிஎஸ்டி ரசீது எல்லாம் அந்த ஒரே பெட்டியில்: போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், அப்பாச்சி, பிஎச்பி. முன்பு கவனித்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் எந்தக் குறிப்பும் வைக்காமல் போய்விட்டார்.

புது லேபிள் பிரிண்டர் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதன் கப்ஸ் ஃபில்டரை, அதாவது அச்சு அமைப்பான கப்ஸுக்கும் பிரிண்டருக்கும் இடையில் மொழிபெயர்க்கும் நிரலை, நாமே கம்பைல் செய்ய வேண்டும். அதற்கான கம்பைலர் தொகுப்பான பில்ட்-எசென்ஷியலை ஆப்ட் கொண்டு நிறுவப் போனால் இதுதான் வருகிறது:

லிப்சி6-டெவ் : சார்ந்தது: லிப்சி6 (= 2.36-9+டெப்12யு10) ஆனால் 2.41-12 நிறுவப்படவுள்ளது
பிழை: சார்புகளைச் சரிசெய்ய இயலவில்லை, உடைந்த பேக்கேஜ்கள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன

லிப்சி6 எல்லா நிரல்களுக்கும் அடிப்படையான சி லைப்ரரி, லிப்சி6-டெவ் அதை வைத்துக் கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர் கோப்புகள் என்பது வரை தெரியும். ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட் கொடுத்துப் பார்த்தேன், எதுவும் நிறுத்திவைக்கப்படவில்லை. இன்னொரு பேக்கேஜ் நிறுவியான ஆப்டிட்யூட் முதலில் "ஒன்றும் நிறுவாமல் அப்படியே விடலாம்" என்றது. வேறு தீர்வு கேட்டால் பிஎச்பி முழுவதையும், ஓபன்எஸ்எஸ்எச்-சர்வரையும், போஸ்ட்கிரெஸ்கியூஎல்-15ஐயும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட பேக்கேஜ்களை நீக்குகிறேன் என்கிறது. தீபாவளிச் சரக்கு இறங்கத் தொடங்கிவிட்டது, முதலாளி லேபிள் எங்கே என்று கேட்கிறார். என்ன செய்யலாம்?

ஜூரோங்_ரூட் எழுதியது:

ப்ரோ, இதற்கா இவ்வளவு யோசனை? லிப்சி6-டெவ் டெப் கோப்பை இறக்கி, டிபிகேஜி -ஐ --ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் கொடுத்துத் திணித்துவிடுங்கள். கம்பைல் ஆனால் சரி. நான் வீட்டு மெஷினில் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன்.

பழைய_கெர்னல் எழுதியது:

வீட்டு மெஷினில் செய்துகொள்ளுங்கள் தம்பி. மளிகைக் கிடங்கின் கணக்கு இருக்கும் பெட்டியில் வேண்டாம்.

ஃபோர்ஸ்-டிபெண்ட்ஸ் மோதலைத் தீர்ப்பதில்லை. ஆப்டுக்கு அடியில் நிறுவலைச் செய்யும் டிபிகேஜியின் வாயை இப்போதைக்கு அடைக்கிறது, அவ்வளவுதான். அடுத்த தடவை ஆப்ட் எதைத் தொட்டாலும் "முதலில் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் ஓட்டு" என்று அடம்பிடிக்கும். அதுவரை தானாக வரும் பாதுகாப்பு அப்டேட்டும் உள்ளே வராது. யாராவது பொறுமையிழந்து ஃபிக்ஸ்-ப்ரோக்கன் ஓட்டி, பட்டியலைப் படிக்காமல் ஒய் தட்டினால், எதை நீக்குவது என்று அதுவே முடிவு செய்யும்.

தேக்கா, அந்தப் பிழைச் செய்தியில் எல்லாரும் கடைசி வரியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். "நிறுத்திவைக்கப்பட்டுள்ளன" என்பது ஆப்ட் வழக்கமாகச் சொல்லும் வாசகம்தான், நீங்கள் எதையும் நிறுத்திவைத்திருக்க வேண்டியதில்லை. விஷயம் முதல் வரியில் இருக்கும் சமக்குறியில் இருக்கிறது. டெவ் பேக்கேஜ்கள் தங்கள் லைப்ரரியின் அச்சு அசலான அதே பதிப்பைத்தான் கேட்கும். 2.36-க்கான ஹெட்டர் 2.41 லைப்ரரியோடு சேராது. அப்படியானால் கேட்க வேண்டியது, டெபியன் 12-இல் 2.41 எப்படி வந்தது? அதன் லிப்சி 2.36 ஆயிற்றே.

மூன்று விஷயங்களை இங்கே ஒட்டுங்கள். ஆப்ட் பாலிசி லிப்சி6 என்ன சொல்கிறது, பேக்கேஜ்கள் எங்கிருந்து வருகின்றன என்று சொல்லும் சோர்சஸ்.லிஸ்ட்டிலும் சோர்சஸ்.லிஸ்ட்.டி அடைவிலும் என்ன இருக்கிறது, /வார்/லாக்/ஆப்ட் அடைவில் ஹிஸ்டரி.லாக் என்ன சொல்கிறது. பழைய லாக்குகள் ஜிஇசட்டாகச் சுருக்கப்பட்டிருக்கும், இசட்கிரெப் போட்டு, டெபியன் 13-இன் பெயரான "டிரிக்சி" என்று தேடுங்கள்.

தேக்கா_டெர்மினல் எழுதியது:

அண்ணே, இதோ:

லிப்சி6:
  நிறுவப்பட்டது: 2.41-12
  தகுதியானது: 2.41-12
 * 2.41-12 100
      100 /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்
     2.36-9+டெப்12யு10 500
      500 டெப்.டெபியன்.ஆர்க் புக்வோர்ம்/மெயின்

சோர்சஸில் புக்வோர்ம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வரி தலையில் # போட்டு அணைக்கப்பட்டிருக்கிறது, அது டிரிக்சி. பழைய லாக்கில் சிக்கியது: "ஆப்ட் இன்ஸ்டால் -டி டிரிக்சி பிஎச்பி8.4". ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்ட் கொடுத்து "லோக்கல்" என்று தேடினால் நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது: லிப்சி6, லிப்சி-பின், லோகேல்ஸ், லிப்எஸ்எஸ்எல்3டி64, லிப்ஐசியு76, பிஎச்பி8.4 குடும்பம் முழுவதும்.

பழைய_கெர்னல் எழுதியது:

கதை புரிந்துவிட்டது. புக்வோர்மில் பிஎச்பி 8.2 தான். அவருக்கு 8.4 வேண்டும், அது டிரிக்சியில், அதாவது டெபியன் 13-இல் இருக்கிறது. அதன் ரெப்போவை, அதாவது இணையப் பேக்கேஜ் களஞ்சியத்தை, சேர்த்தார், நிறுவினார், பிறகு வரியை அணைத்துவிட்டார். டிரிக்சியின் பிஎச்பி அங்குள்ள லிப்சியை வைத்துக் கட்டப்பட்டது, ஆகவே அது வரும்போது லிப்சி6-ஐயும் கையோடு இழுத்துக்கொண்டு வந்தது. ரெப்போ போய்விட்டது, இறக்கிய பேக்கேஜ்கள் இருக்கின்றன.

அந்த * வரியை மறுபடி பாருங்கள். நிறுவப்பட்ட பதிப்புக்குக் கீழே இணைய முகவரி எதுவும் இல்லை, டிபிகேஜியின் ஸ்டேட்டஸ் கோப்பு மட்டும்தான் இருக்கிறது. இந்தப் பதிப்பு மெஷினில் இருக்கிறது, ஆனால் எந்த ரெப்போவும் அதற்கு உரிமை கோரவில்லை என்று பொருள். அந்த நாற்பது பேக்கேஜுக்கும் இப்போது பாதுகாப்பு அப்டேட் கிடையாது. ஓபன்எஸ்எஸ்எல்லும் அதில் ஒன்று. பிரிண்டரை விட எனக்கு இதுதான் கவலை.

லிப்எஸ்எஸ்எல்3டி64 என்ற பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். 2038 ஜனவரி 19-ஆம் தேதி 32 பிட் நேரக் கணக்கு நிரம்பிவிடும். அதற்காக டெபியனும் உபுண்டுவும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றியபோது, பாதிக்கப்பட்ட லைப்ரரிகளின் பெயரில் டி64 என்று ஒட்டவைத்தார்கள். நம் 64 பிட் இன்டெல் மெஷின்களில் உள்ளடக்கம் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. ஆனால் பெயர் மாறினாலே பழையதும் புதியதும் ஒன்றையொன்று வெளியேற்றும். ஆப்டிட்யூட்டின் நீக்கப் பட்டியல் அவ்வளவு நீளமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பிடோக்_ஆர்ச் எழுதியது:

இதற்குத்தான் ஆர்ச் லினக்ஸ் போடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். தொடர்ந்து புதுப்பிக்கப்படும் ரோலிங் ரிலீஸில் இந்தத் தொல்லையே கிடையாது.

உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

கிடையாதா? ஆர்ச்சின் நிறுவியான பேக்மேனில் -எஸ்ஒய் போட்டு ஒரே ஒரு பேக்கேஜை மட்டும் நிறுவிப் பாருங்கள். பட்டியல் புதிது, மெஷின் பழையது. அதே வியாதி, வேறு பெயர். பாதி அப்கிரேடுக்கு ஆதரவில்லை என்று ஆர்ச் விக்கியே சொல்கிறது.

சரி, தேக்காவின் விஷயத்துக்கு வருவோம். எனக்குத் தோன்றுவது திரும்பிப் போவது. /ஈடிசி/ஆப்ட்/பிரிஃபரன்சஸ்.டி அடைவில் ஒரு கோப்பு வைத்து, புக்வோர்முக்கு பின்-பிரையாரிட்டி, அதாவது முன்னுரிமை எண், 1001 கொடுங்கள். வழக்கமாக ரெப்போவுக்கு 500 தான். 1000-ஐத் தாண்டினால் ஆப்ட் பதிப்பைக் கீழே இறக்கவும் சம்மதிக்கும். அப்புறம் ஃபுல்-அப்கிரேட் ஓட்டினால் நாற்பதும் 2.36 காலத்துக்குத் திரும்பிவிடும். பிஎச்பி 8.4 கட்டாயம் வேண்டுமென்றால், டெபியனில் பிஎச்பியைப் பராமரிக்கும் ஓண்ட்ரே சூரி தனியாக ஒரு ரெப்போ நடத்துகிறார். அங்கே புக்வோர்முக்கென்றே கட்டப்பட்ட 8.4 கிடைக்கும்.

பழைய_கெர்னல் எழுதியது:

சூரி ரெப்போ பற்றிச் சொன்னது சரி. அந்த ஒப்பந்தக்காரர் முதல் நாளே அதைச் செய்திருந்தால் இந்த இழையே இருக்காது. பேக்போர்ட்ஸும் அப்படித்தான், புதிய மென்பொருளைப் பழைய வெளியீட்டின் லிப்சியோடு கட்டித் தருவார்கள். -டி டிரிக்சி என்பதும் -டி புக்வோர்ம்-பேக்போர்ட்ஸ் என்பதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். முதலாவது அஸ்திவாரத்தையே மாற்றும், இரண்டாவது மாற்றாது.

ஆனால் 1001 வைத்துக் கீழே இறங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பதிப்பைக் கீழிறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. பேக்கேஜோடு வரும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் பழையதிலிருந்து புதியதற்குப் போகத்தான் எழுதப்பட்டவை. திரும்பி வரும் வழியை யாரும் சோதிப்பதில்லை. லிப்சி போன்ற ஒன்றில் பாதி வழியில் நின்றால் பாஷ் கூட எழுந்திருக்காமல் போகலாம். 2.38-இன் குறியீட்டைத் தேடும் ஒரு நிரல் 2.36-இல் அதைக் காணாமல் அப்படியே நின்றுவிடும். போதாததற்கு டிரிக்சியில் பல பேக்கேஜ்களின் கோப்புகளை /லிப்-இலிருந்து /யுஎஸ்ஆர்/லிப்-க்கு முறையாக நகர்த்தி முடித்திருக்கிறார்கள். அந்த நகர்வை டிபிகேஜியைக் கொண்டு பின்னோக்கிச் செய்துபார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

நான் ஒரு தடவை இறங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது டேட்டாபேஸ் இல்லாத மெஷின் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

யாழி எழுதியது:

டேட்டாபேஸ் என்றதும் எட்டிப் பார்த்தேன். தேக்கா தம்பி, இவ்வளவு நேரம் யாரும் கேட்காத ஒன்று. போஸ்ட்கிரெஸ் லாக்கில் "கொலேஷன் வெர்ஷன் மிஸ்மேட்ச்" (எழுத்து வரிசைப் பதிப்பு ஒத்துப்போகவில்லை) என்று எச்சரிக்கை ஏதாவது வருகிறதா? பிஎஸ்கியூஎல் திறந்து டேட்டாபேஸோடு இணைந்தாலே முதல் வரியில் தெரியும்.

எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதை போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் லிப்சியிடம்தான் கேட்கிறது. லிப்சி மாறினால் அகரவரிசை மாறலாம். ஏற்கனவே இருக்கும் இன்டெக்ஸ், அதாவது தேடலுக்கான அட்டவணை, பழைய வரிசையில் அடுக்கப்பட்டது, தேடல் புதிய வரிசையில் போகிறது. டேபிளில் இருக்கும் சரக்கையே இல்லை என்று சொல்லும். யூனிக் இன்டெக்ஸாக இருந்தால் ஒரே சரக்குக் குறியீடு இரண்டு முறை நுழைந்துவிடும். சத்தமே போடாது. 2018-இல் வந்த லிப்சி 2.28-இல் வரிசை பெரிதாக மாறியபோது, டெபியன் 10-க்கு ஏறிய எத்தனையோ டேட்டாபேஸ்கள் இப்படித்தான் அடிவாங்கின. போஸ்ட்கிரெஸ் 15-இலிருந்து டேட்டாபேஸ் அளவிலேயே இந்தப் பதிப்பைக் குறித்துவைத்து எச்சரிக்கிறார்கள். யாராவது அதைப் படித்தால்தானே.

தேக்கா_டெர்மினல் எழுதியது:

அக்கா, இருக்கிறது! "டேட்டாபேஸ் உருவானது கொலேஷன் பதிப்பு 2.36-இல், இயங்குதளம் தருவது 2.41" என்று ஒவ்வொரு இணைப்புக்கும் வருகிறது. லாக் முழுக்க இதுதான்.

இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது. கிடங்கில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் "பொன்னி அரிசி 10 கிலோவைத் தேடினால் வரமாட்டேன் என்கிறது, பட்டியலில் உருட்டிப் பார்த்தால் இருக்கிறது" என்று குறைபட்டுக்கொண்டார். அவர் தட்டச்சில்தான் ஏதோ தவறு என்று நினைத்தார்கள்.

யாழி எழுதியது:

அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். :)

அது வேறு காரணமாகவும் இருக்கலாம், யூனிகோடில் "பொ" என்பதைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும் தேடலில் சிக்காது. அதனால் ஊகிக்க வேண்டாம், சோதித்துவிடலாம். முதலில் பிஜி_டம்ப் கொண்டு டேட்டாபேஸின் நகல் எடுத்து வேறு மெஷினில் வையுங்கள். அது டேபிளை நேராகப் படிப்பதால் இன்டெக்ஸ் கெட்டிருந்தாலும் தரவு வெளியே வந்துவிடும். பிறகு பிஜி_ஆம்செக் கருவியை ஹீப்ஆல்இன்டெக்ஸ்ட் தெரிவோடு ஓட்டுங்கள். கெட்ட இன்டெக்ஸ் எது என்று பெயரோடு சொல்லும்.

அதன் பிறகு இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும், ரீஇன்டெக்ஸ். அதை முடித்த பிறகுதான் "ரெஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன்" கட்டளை. பலர் எச்சரிக்கை எரிச்சலாக இருக்கிறது என்று இரண்டாவதை மட்டும் ஓட்டிவிடுவார்கள். எச்சரிக்கை போய்விடும், கெட்ட இன்டெக்ஸ் அப்படியே இருக்கும். யூனிக் இன்டெக்ஸில் இரட்டை நுழைந்திருந்தால் ரீஇன்டெக்ஸ் பிழை சொல்லி நின்றுவிடும், அந்த வரிகளைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்று, இதற்காகத்தான் இடையில் புகுந்தேன். நீங்கள் பின்னால் போனால் லிப்சி மறுபடி 2.36 ஆகும். இடைப்பட்ட காலத்தில் 2.41 வரிசையில் எழுதிய எல்லாம் மறுபடி சந்தேகத்துக்குரியவை. முன்னால், டிரிக்சிக்கு முழுதாகப் போனால், அங்கே இருப்பதும் 2.41 தான். அடியில் இருக்கும் வரிசை இனி மாறாது. ஒரு தடவை கட்டினால் போதும். நான் முன்னால் போகும் கட்சி.

பழைய_கெர்னல் எழுதியது:

யாழி சொன்னதோடு விவாதம் முடிந்தது என்று நினைக்கிறேன். முன்னால்தான் போக வேண்டும்.

ஜூரோங்_ரூட் எழுதியது:

எல்லாம் சரி. முதலாளிக்கு நாளைக்கே லேபிள் வேண்டுமாம். தீபாவளி நேரத்தில் ஓஎஸ் அப்கிரேட் செய்யச் சொல்கிறீர்களா?

பழைய_கெர்னல் எழுதியது:

இல்லை. நல்ல கேள்வி. இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுவோம். பிரிண்டருக்கு இந்த மோதலைத் தீர்க்கவே தேவையில்லை.

பழைய லிப்சியில் கட்டிய நிரல் புதிய லிப்சியில் ஓடும், மாற்றித்தான் ஓடாது. ஆகவே சுத்தமான ஒரு புக்வோர்மைத் தனி அடைவில் இறக்கி, அதற்குள் கம்பைல் செய்து, கிடைக்கும் பைனரியை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். டெபூட்ஸ்ட்ராப் என்ற பேக்கேஜ் வெறும் ஸ்கிரிப்ட் தொகுப்புதான், லிப்சி மோதலில் சிக்காது, நிறுவிவிடலாம். "டெபூட்ஸ்ட்ராப் புக்வோர்ம் /எஸ்ஆர்வி/கூடு" என்று கொடுத்தால் குட்டி டெபியன் ஒன்று அங்கே வந்து உட்காரும். சிஎச்ரூட் செய்து உள்ளே போய் பில்ட்-எசென்ஷியல், லிப்கப்ஸ்2-டெவ், லிப்கப்ஸ்இமேஜ்2-டெவ் மூன்றையும் நிறுவுங்கள். அங்கே எல்லாமே 2.36, சமக்குறி சண்டை போடாது. கண்டெய்னர் கருவியான போட்மேன் பழக்கமென்றால் அதிலும் செய்யலாம்.

கிடைத்த ஃபில்டரை /யுஎஸ்ஆர்/லிப்/கப்ஸ்/ஃபில்டர் அடைவில் போடுங்கள். உரிமை ரூட்டிடம், அனுமதி 755, அதாவது ரூட் மட்டுமே எழுதலாம். குழுவுக்கு எழுதும் அனுமதி இருந்தால் கப்ஸ் அதைத் தொடாது.

தேக்கா_டெர்மினல் எழுதியது:

அண்ணே, லேபிள் வருகிறது! முதலில் "பாதுகாப்பற்ற அனுமதி" என்று கப்ஸ் அடம்பிடித்தது, கோப்பு 775-இல் இருந்தது. 755 ஆக்கியதும் அச்சடித்துவிட்டது. முதலாளி ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார். மெயின் சிஸ்டத்தில் ஒரு பேக்கேஜ் கூட மாறவில்லை, டெபூட்ஸ்ட்ராப் மட்டும் புதிது.

பாலி_மாணவி எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம் கேட்கலாமா? இவ்வளவையும் ஒரு மனிதர் உட்கார்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதே. பேக்கேஜ் பட்டியல் முழுவதும் ஆப்டிடம் இருக்கிறது. சரியான தீர்வை அதுவே ஏன் சொல்லக்கூடாது?

உட்லண்ட்ஸ்வாசி எழுதியது:

"அ வேண்டும், ஆ இருந்தால் இ கூடாது, ஈ அல்லது உ போதும்" என்ற வகை நிபந்தனைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் அது சாட் எனப்படும் தர்க்கப் புதிராக மாறிவிடும். சார்பு தீர்ப்பது என்பி-முழுமை, அதாவது எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி யாருக்கும் தெரியாத வகை, என்று நிறுவியிருக்கிறார்கள். உங்கள் பாலிடெக்னிக்கில் அல்காரிதம் பாடத்தில் வரும். ஆப்டில் தீர்வு தேடும் பகுதியான பழைய சால்வர் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மதிப்பெண் போட்டு, யாரைத் தியாகம் செய்வது என்று ஊகித்து முடிவெடுக்கும். ஓபன்சூசே லினக்ஸ் 2008-இலேயே 11.0 பதிப்பில் தன் நிறுவியான ஸிப்பருக்கு சாட் முறை சால்வரைக் கொண்டுவந்துவிட்டது. அதன் வழிவந்த லிப்சால்வைத்தான் ஃபெடோரா லினக்ஸின் நிறுவியான டிஎன்எஃப்பும் பயன்படுத்துகிறது. டிரிக்சியோடு வரும் ஆப்ட் 3.0-இலும் புதிய சால்வர் இருக்கிறது. நீக்கப்போகும் பட்டியலைச் சிவப்பில் காட்டும், அதற்காகவே மேலேறலாம்.

ஆனால் சால்வர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் உங்கள் விருப்பம் அதற்குத் தெரியாது. நீங்கள் கேட்டது பில்ட்-எசென்ஷியல். அதை நிறுவ வழி கேட்டால், போஸ்ட்கிரெஸை நீக்குவதும் தர்க்கப்படி சரியான விடைதான்.

2021 நவம்பரில் யூடியூபில் பிரபலமான ஒருவர் பாப் ஓஎஸ் லினக்ஸில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் நிறுவப் போய் டெஸ்க்டாப் மொத்தத்தையும் இழந்தாரே, அது இந்த வகைதான். ரெப்போவில் ஒரு பேக்கேஜின் 32 பிட் பதிப்பு 64 பிட் பதிப்போடு ஒத்துப்போகவில்லை. டெஸ்க்டாப்பை நீக்கினால் தீரும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது. "ஆம், நான் சொல்வதைச் செய்" என்று ஒரு வாக்கியத்தை முழுதாகத் தட்டச்சு செய்யச் சொல்லி எச்சரித்தது, அவரும் தட்டினார். அதே மாதம் ஆப்ட் குழு அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டது. இப்போது இன்றியமையாத பேக்கேஜை நீக்க வேண்டுமென்றால் அதற்கென்று தனித் தெரிவை நாமே கட்டளையில் எழுத வேண்டும்.

ஆமாம், ரெப்போவில் சரக்கு முழுதாக ஏறாத நேரத்தில் போய் நின்றாலும் இப்படி மோதல் வரும். அங்கே மருந்து மிக எளிது: கொஞ்ச நேரம் கழித்து ஆப்ட் அப்டேட். தேக்காவின் மோதல் அந்த வகையில்லை.

பிடோக்_ஆர்ச் எழுதியது:

பைதானில் பிப் --பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் பற்றியும் யாராவது...

நெறியாளர் எழுதியது:

அதற்குத் தனி இழை இருக்கிறது, ஏற்கனவே பதினெட்டுப் பக்கம். இங்கே வேண்டாம்.

பழைய_கெர்னல் எழுதியது:

தேக்கா, தீபாவளி முடியும்வரை பெட்டியைத் தொடாதீர்கள். நடுவில் செய்ய வேண்டியது யாழி சொன்ன டம்ப்பும் ரீஇன்டெக்ஸும்தான், அதையும் கிடங்கு மூடிய பிறகு செய்யுங்கள். வருமான வரிக்காரர்கள், அதாவது உள்நாட்டு வருவாய் ஆணையம், 5 ஆண்டுக் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. அந்த டம்ப்பை இதே பெட்டியில் வைத்துவிட்டு "பேக்கப் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள்.

அதற்குள் ஒத்திகை பார்க்கலாம். சிம் லிம் கடைத்தொகுதியில் ஒரு எஸ்எஸ்டி வாங்கி, டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து, வேறு ஒரு மெஷினில் அல்லது கேவிஎம் மெய்நிகர் மெஷினில் ஏற்றுங்கள். நெட்வொர்க்கைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு சர்வரும் ஒரே ஐபியில் சண்டை போடும். ரெப்போவை மட்டும் எட்டும்படி வழி விடுங்கள். குளோனில் சோர்சஸை முழுக்க டிரிக்சிக்கு மாற்றுங்கள், பாதுகாப்பு வரியையும் சேர்த்து. ஒரு புக்வோர்ம் வரி கூட மிஞ்சக்கூடாது. ஆப்ட் அப்டேட், பிறகு ஆப்ட்-கெட் -எஸ் ஃபுல்-அப்கிரேட். அந்த -எஸ் நடிப்புதான், எதையும் தொடாது. வெளியீட்டில் "ரெம்வ்" என்று தொடங்கும் வரிகளை மட்டும் கிரெப் செய்து, ஒவ்வொன்றாகப் படித்து, இதற்கு மாற்று உள்ளே வருகிறதா என்று பாருங்கள். டி64 ஜோடி என்றால் பயமில்லை. ஜோடி இல்லாமல் தனியாக வெளியே போகும் பெயர் ஏதாவது இருந்தால் இங்கே எழுதுங்கள்.

தேக்கா_டெர்மினல் எழுதியது:

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்துகள், தாமதமாக. சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வர நேரமாகிவிட்டது.

ஆம்செக் ஓட்டினேன். சரக்குப் பெயர் இன்டெக்ஸ் உட்பட இரண்டு கெட்டிருந்தன. இரட்டை எதுவும் நுழையவில்லை, ரீஇன்டெக்ஸ் நின்றுபோகாமல் முடிந்தது. இப்போது பொன்னி அரிசி தேடலில் வருகிறது.

குளோனில் நடித்துப் பார்த்தேன். ரெம்வ் வரிகள் இருபதுக்குப் பக்கம், ஏறக்குறைய எல்லாமே லிப் பெயர்கள், டி64 ஜோடியோடு. ஒன்றே ஒன்று தனியாகப் போகிறது: பின்னணியில் ஓடி பார்கோடு ஸ்கேனர்களோடு பேசும் நிரல், அதாவது டீமன். ஸ்கேனர் விற்றவர்கள் கொடுத்த டெப் அது. டிபிகேஜி -எஸ் போட்டுப் பார்த்தால் சார்பு வரியில் "பைதான்3 (<< 3.12)" என்று இருக்கிறது, அதாவது 3.12-க்கு முந்தைய பைதான்தான் வேண்டும்.

பழைய_கெர்னல் எழுதியது:

இதைத்தான் தேடினோம். புக்வோர்மில் பைதான் 3.11, டிரிக்சியில் 3.13. நடிக்காமல் நேராக ஓட்டியிருந்தால் திங்கட்கிழமை காலை ஸ்கேனர் எதுவும் பேசியிருக்காது, காரணமும் புரிந்திருக்காது.

ஜூரோங்_ரூட் எழுதியது:

டெப்பைப் பிரித்து அந்த << 3.12 வரியை அழித்துவிட்டு மறுபடி கட்டினால்? இந்தத் தடவை ஃபோர்ஸ் சொல்லவில்லை, கவனியுங்கள்.

பழைய_கெர்னல் எழுதியது:

முன்னேற்றம்தான். :) டீமன் தூய பைதான் என்றால் ஓடவும் கூடும். ஆனால் 3.12-இல் பைதான் தன் நூலகத்திலிருந்து டிஸ்ட்யுடில்ஸை எடுத்தது, 3.13-இல் டெல்நெட்லிப், சிஜிஐ போன்ற பழையவற்றை எடுத்தது. ஸ்கேனர் டீமன் டெல்நெட்லிப்பில் பேசுவதாக இருந்தால் அவ்வளவுதான். விற்றவர்களிடம் புதிய டெப் கேளுங்கள். கிடைக்கும்வரை நம் கூட்டையே பயன்படுத்தலாம். /எஸ்ஆர்வி/கூடு இன்னும் புக்வோர்ம்தானே? அதற்குள் டீமனை நிறுவி, கண்டெய்னராக ஓட்டும் கருவியான சிஸ்டம்டி-என்ஸ்பான் மூலம் ஓட்டுங்கள். அது பழைய பைதானோடு உள்ளே வாழட்டும். கூட்டுக்கும் அவ்வப்போது பாதுகாப்பு அப்டேட் போட வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

தேக்கா_டெர்மினல் எழுதியது:

குளோனில் கூட்டுக்குள் டீமன் ஓடுகிறது, ஸ்கேனர் ஒன்றை எடுத்துப்போய்ச் சோதித்தேன். ஞாயிற்றுக்கிழமை உண்மை மெஷினில் செய்யப் போகிறேன். கவனிக்க வேண்டியது வேறு ஏதும் இருக்கிறதா?

பழைய_கெர்னல் எழுதியது:

டிமக்ஸுக்குள் இருந்து ஓட்டுங்கள், எஸ்எஸ்எச் அறுந்தாலும் வேலை நடுவில் நிற்காது. முடிந்தால் மெஷின் பக்கத்திலேயே கீபோர்டோடு உட்காருங்கள். முதலில் புக்வோர்மின் கடைசி அப்டேட்டுகள் வரை ஏறுங்கள், பிறகு சோர்சஸை மாற்றுங்கள், பிறகு ஆப்ட் அப்கிரேட் --வித்அவுட்-நியூ-பிகேஜிஎஸ், அது முடிந்தபின் ஃபுல்-அப்கிரேட். கோப்பை மாற்றவா என்று கேட்டால் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள், அப்பாச்சியில் அவர் என்னென்ன கைவைத்திருக்கிறாரோ தெரியாது.

டிரிக்சியில் /டெம்ப் இயல்பாக ராமுக்குப் போய்விடும். லேபிள் படங்களையோ டம்ப்பையோ அங்கே குவிக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் /வார்/டெம்ப்-க்கு மாற்றுங்கள்.

யாழி எழுதியது:

போஸ்ட்கிரெஸ் 15 அப்கிரேடில் அழியாது, பக்கத்தில் 17 வந்து உட்காரும். நிறுவும்போதே 17-க்கு ஒரு காலி கிளஸ்டர், அதாவது அந்தப் பதிப்பின் டேட்டாபேஸ் தொகுதி, உருவாகி 5433 போர்ட்டில் நிற்கும். அதை முதலில் பிஜி_டிராப்கிளஸ்டர் 17 மெயின் --ஸ்டாப் கொடுத்து நீக்குங்கள், எண்ணை இரண்டு முறை படித்துவிட்டு எண்டர் தட்டுங்கள். 15 என்று அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு பிஜி_அப்கிரேட்கிளஸ்டர் 15 மெயின். டம்ப் முறையில் செய்தால் இன்டெக்ஸ் எல்லாம் புதிதாகவே கட்டப்படும்.

தேக்கா_டெர்மினல் எழுதியது:

முடிந்தது. காலையில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குள் ரீபூட் ஆகி எழுந்துவிட்டது. ஆப்ட் லிஸ்ட்டில் "லோக்கல்" என்று தேடினால் போஸ்ட்கிரெஸ் 15-உம் பழைய லிப்கள் சிலவும் மட்டுமே வருகின்றன. லிப்சி6-க்குக் கீழே டெப்.டெபியன்.ஆர்க் முகவரி வந்துவிட்டது. பில்ட்-எசென்ஷியல் இப்போது ஒரு வார்த்தை பேசாமல் நிறுவப்படுகிறது, தேவையில்லாததால் நடித்துப் பார்த்ததோடு விட்டுவிட்டேன். கொலேஷன் எச்சரிக்கை இல்லை.

ஒரே ஒரு கேள்வி, யாழி அக்கா. 15 இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது. இப்போதே பர்ஜ் செய்யலாமா, அதாவது சுவடில்லாமல் நீக்கலாமா? போர்ட் ஏதும் மாற்ற வேண்டுமா?

யாழி எழுதியது:

போர்ட்டைத் தொட வேண்டாம். அப்கிரேட்கிளஸ்டரே 17-க்கு 5432-ஐக் கொடுத்துவிட்டு 15-ஐ 5433-க்குத் தள்ளியிருக்கும், தானாகத் தொடங்காதபடியும் வைத்திருக்கும். பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ் கொடுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பர்ஜுக்கு அவசரமில்லை, டிஸ்க்கில் இடம் இருந்தால் மாதக் கணக்கு முடியும்வரை கிடக்கட்டும். கணக்காளர் தொகை சரி என்று சொன்ன பிறகு பிஜி_டிராப்கிளஸ்டர் 15 மெயின், அப்புறம் ஆப்ட் பர்ஜ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்-15.